எலி எங்கே போய்ப் படுக்கிறது? ஏலமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்திலும் போடியிலும் காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள், பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு பக்கம் மலையிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் காட்டு எலிகளைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இங்கே உள்ளன. மலையில் எலி என்றாலே பேச்சு காயைக் கடித்ததில் ஆரம்பித்து விஷத்தில் போய் முடிந்துவிடும். அந்த எலி எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ப் படுக்கிறது என்று கேட்பவர் குறைவு. அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பாதி தெளிந்துவிடும்.

ஒரு காட்டு எலி ஒரு ராத்திரியில் எவ்வளவு தூரம் போகும்?

மொத்த நடையைக் கூட்டிப் பார்த்தால் சில நூறு மீட்டர் வரும். ஆனால் அது நேர்வழி அல்ல. வளையை விட்டுக் கிளம்பும், விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஓடும், வேரோரமாகச் சுற்றும், பழம் கிடக்கும் இடத்தில் நின்று கொறிக்கும், சத்தம் கேட்டால் பதுங்கும், வந்த வழியே பாதி தூரம் திரும்பும். விடியும்போது பார்த்தால், அவ்வளவு ஓடியும் படுக்கும் இடத்திலிருந்து ஐம்பது, நூறு மீட்டரைத் தாண்டாத ராத்திரிகளே அதிகம்.

நடமாட்டப் பரப்பு என்கிறார்களே, அது என்ன?

ஒரு விலங்கு தீனி தேட, இணை சேர, குட்டியைக் காக்க வழக்கமாகச் சுற்றிவரும் இடம். 1943-இல் அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் ஹென்றி பர்ட் இந்த விளக்கத்தைத் தெளிவாக எழுதிவைத்தார். என்றைக்கோ ஒரு நாள் எங்கேயோ போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததை இதில் சேர்க்கக் கூடாது என்பதையும் அவர் அப்போதே சொல்லிவிட்டார். அந்தப் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழே ஒரு கணக்கில் அதன் விளைவைப் பார்க்கலாம்.

காவல் எல்லை வேறு. அது, இன்னொன்றை உள்ளே விடாமல் துரத்திக் காக்கும் இடம். பல எலிகளின் நடமாட்டப் பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும். அதற்காக அவை தினமும் சண்டை போடுகின்றன என்று அர்த்தமில்லை.

சரி, எத்தனை சென்ட்?

மீட்டர் கணக்கை விட நமக்கு இதுதான் வசதி. ஒரு சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர், நூறு சென்ட் ஒரு ஏக்கர்.

காட்டுச் சுண்டெலிக்குச் சில சென்டிலிருந்து அரை ஏக்கர் வரை போதும். நம் சோலைகளிலும் ஏலக்காட்டிலும் அதிகம் கிடைக்கும், வயிறு வெளுத்த மர எலிக்கு அரை ஏக்கரிலிருந்து சில ஏக்கர். மலையணிலுக்கு மூன்று நான்கு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். முள்ளம்பன்றியும் கொறிக்கும் இனம்தான், ஆனால் அதன் கணக்கே தனி. ஒரே ராத்திரியில் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும், பரப்பு நூறு ஏக்கரைத் தாண்டும். பொதுவாக உடல் பெருக்கப் பெருக்க இடமும் பெருக்கும். ஆனால் எலிக்கு எலி, இடத்துக்கு இடம் வித்தியாசம் இவ்வளவு இருப்பதால், "காட்டு எலியின் பரப்பு இத்தனை சென்ட்" என்று ஒரே எண்ணாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த எலி, எந்த மாதம், எப்படி அளந்தார்கள் என்று மூன்றையும் திருப்பிக் கேளுங்கள்.

எப்படி அளக்கிறார்கள்? எலி பின்னால் யாராவது ஓட முடியுமா?

ஓட முடியாது. அதனால் பல வழிகள் வைத்திருக்கிறார்கள்.

பழைய வழி, கூண்டு. காட்டில் கயிறு பிடித்து, பத்து மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் கட்டமாகக் கூண்டு வைப்பார்கள். கம்பிக் கூண்டும் உண்டு, மடக்கி எடுத்துப்போகும் அலுமினியப் பெட்டியும் உண்டு. தேங்காய்ச் சில், வாழைப்பழம், கடலை, கருவாடு என்று இரை அவரவர் கைப்பக்குவம். விழுந்த எலியை எடை போட்டு, காதில் எண் போட்ட சிறு தகடு மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அதே எலி அடுத்த நாள் வேறு கூண்டில் விழும். எந்தெந்தக் கூண்டில் விழுந்தது என்று புள்ளி வைத்து, வெளிப்புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால் ஒரு பரப்பு கிடைக்கும். இந்தக் கோடு சேர்க்கும் முறை 1947-இலிருந்து நடப்பில் இருக்கிறது. மலாயாக் காட்டு எலிகள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று ஜே. எல். ஹாரிசன் 1958-இல் எழுதிய கட்டுரையை வெப்பமண்டல எலிகளைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றைக்கும் தேடிப் படிக்கிறார்கள்.

படிக்க எளிது. மலையில் செய்து பார்த்தால்தான் தெரியும். மழையில் கூண்டுக்குள் எலி நனைந்து விறைத்துவிடும் என்பதால் பஞ்சு வைக்க வேண்டும். விடிந்ததும் போய்ப் பார்க்காவிட்டால் எறும்பு முந்திக்கொள்ளும். யானை ஒரு நடை வந்தால் அந்த வரிசையே காலி. அட்டையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, நூல். தையல் நூல் கண்டு போல ஒரு சிறு நூலுருண்டையை எலியின் முதுகு ரோமத்தில் ஒட்டி, நூலின் ஒரு நுனியைச் செடியில் கட்டிவிடுவார்கள். எலி ஓட ஓட நூல் பிரிந்துகொண்டே போகும். காலையில் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த வேருக்கு அடியில் நுழைந்தது, எந்தக் கொடியில் ஏறியது என்று அங்குலம் அங்குலமாகத் தெரியும். கூண்டு சொல்லாத சங்கதி இது. போர்னியோவில் மரம் வெட்டிய காட்டிலும் வெட்டாத காட்டிலும் சிறு விலங்குகளின் பின்னால் இப்படி நூல் பிடித்துப் போய், அவற்றின் நடமாட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நூலுக்குப் பதிலாக ஒளிரும் பொடியை எலி மேல் தூவி, ராத்திரியில் ஊதா விளக்கடித்துத் தடம் பார்ப்பதும் உண்டு. நம் பருவமழைக்கு அது ஒத்துவராது, ஒரு தூறலில் கழுவிக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது, ரேடியோ. கழுத்தில் கட்டும் கருவி, எலியின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. நூறு கிராம் எலிக்கு ஐந்து கிராம். இருபது கிராம் சுண்டெலி என்றால் ஒரே கிராம், பேட்டரியும் சேர்த்து! அதனால்தான் புலிக்கும் யானைக்கும் கிடைத்த தகவல் சுண்டெலிக்குக் கிடைக்கவில்லை.

ஒரே எலிக்கு ஆளுக்கு ஒரு அளவு சொல்கிறார்களே, யார் சொல்வது சரி?

எல்லோருமே சரியாக இருக்கலாம். இது நானே போட்ட கற்பனைக் கணக்கு. நாற்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம் உள்ள ஒரு செவ்வகத்தின் நான்கு மூலையிலும் ஒரு எலி விழுந்தது என்று வையுங்கள். பரப்பு 1,200 சதுர மீட்டர், ஏறக்குறைய 30 சென்ட். அதே எலி மூன்று மூலையில் மட்டும் விழுந்திருந்தால் முக்கோணம்தான் கிடைக்கும், 15 சென்ட். நான்கு மூலையிலும் விழுந்தபின், ஒரே ஒரு ராத்திரி முப்பது மீட்டர்ப் பக்கத்துக்கு வெளியே நூறு மீட்டர் தள்ளிப் போய் விழுந்திருந்தால்? கூடுதலாக ஒரு முக்கோணம் சேர்ந்து 2,700 சதுர மீட்டர் ஆகிவிடும், 67 சென்டுக்குப் பக்கம்.

எலி அதேதான், இடமும் அதேதான். 15, 30, 67 என்று மூன்று விடை. பர்ட் எட்டிப் பார்த்ததைச் சேர்க்காதே என்று சொன்னது இதற்குத்தான். பிற்காலத்தில், 1989-க்குப் பிறகு, வெளிக்கோடு போடுவதை விட்டு எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று அடர்த்தியாக வரையும் முறை பரவியது. அதில் அந்த ஒற்றைப் பயணம் இவ்வளவு ஆட்டம் போடாது. ஆனால் அதற்கு நிறையப் புள்ளிகள் வேண்டும்.

இன்னொன்று, கூண்டு வைத்த பரப்பை விடப் பெரிய விடை கூண்டிலிருந்து வரவே வராது. அரை ஏக்கரில் கூண்டு வைத்துவிட்டு, எலியின் பரப்பு அரை ஏக்கருக்குள் என்று முடிவு சொன்னால் அது எலியைப் பற்றிய செய்தி இல்லை.

ஆணும் பெண்ணும் ஒரே அளவு சுற்றுமா?

பெரும்பாலும் ஆண் அதிகம் சுற்றும், இனப்பெருக்கக் காலத்தில் இன்னும் அதிகம். பல பெண்களின் இடத்தைத் தொட்டுக்கொண்டு போகும். குட்டி போட்ட பெண் வளையை விட்டு அதிகத் தூரம் நகராது, பக்கத்தில் வேறு பெண் வருவதையும் அவ்வளவாகப் பொறுக்காது. வளர்ந்த இளசுகள், அதிலும் ஆண்கள், பிறந்த இடத்தை விட்டு நிரந்தரமாகப் போய்விடும். அது நடமாட்டம் இல்லை, குடிபெயர்வு. ஒரு எலி வாழ்நாளில் போகும் மிகப் பெரிய பயணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் என்ன செய்யும்? நிலவு வெளிச்சத்துக்குப் பயப்படுமா?

தீனி பக்கத்திலேயே இருந்தால் பரப்பு சுருங்கும், இல்லாவிட்டால் விரியும். மழை, வெயில் எல்லாம் இதற்குள் அடக்கம். தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மண்வளையில் தண்ணீர் இறங்கினால், பாறை இடுக்குக்கோ மரப்பொந்துக்கோ இடம் மாறும். மழை மறைவில் இருக்கும் சின்னாறு முள்காட்டின் எலிக்கும், எந்நேரமும் ஈரமாக இருக்கும் மதிகெட்டான் சோலையின் எலிக்கும் வருஷம் ஒன்றுபோல ஓடாது. வண்டியில் போனால் இரண்டுக்கும் சில மணி நேரம்தான்.

நிலா வெளிச்சத்தில் திறந்த வெளியில் எலிகள் நடமாட்டத்தைக் குறைப்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். ஆந்தையும் காட்டுப்பூனையும் சும்மா இருக்குமா? ஆனால் சோலைக்குள் மரங்களின் இலைக்கூரை மூடிக் கிடப்பதால், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் தரையில் அவ்வளவு பேதம் இருக்காது. கூரை திறந்த தோட்டத்தில் இருக்கும்.

மரத்திலேயே வாழும் எலிக்கு எப்படிச் சென்ட் கணக்குப் போடுவது?

நல்ல கேள்வி. தரையில் பத்து சென்ட் நிலத்தின் மேல் முப்பது மீட்டர் உயரத்துக்குக் காடு இருக்கிறது. அங்கே கிளை கிளையாக ஓடும் எலிக்கு நாம் போடும் சென்ட் கணக்கு, மாடி வீட்டுக்குத் தரைத்தளத்தை மட்டும் அளந்த மாதிரி.

நம் பக்கத்து உதாரணம், மலபார் முள் எலி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. எட்வர்டு பிளைத் 1859-இல் இதை விவரித்தார். முதுகில் தட்டையான முள், வால் நுனியில் குஞ்சம், எடை நூறு கிராமுக்கும் குறைவு. சமவெளியில் சுருண்டுகொள்ளுமே முள்ளெலி, அதற்கும் இதற்கும் உறவு கிடையாது. பகலில் பழைய மரத்தின் பொந்தில் தூங்கும், ராத்திரி கிளை வழியாகவே போகும். மிளகு, பலா, ஏலம் எதையும் விடாது. வெடிப்பலா பூக்கும் காலத்தில் அந்தப் பூவுக்கும் வரும். தரையில் மட்டும் கூண்டு வைத்த ஒருவர், "இந்தக் காட்டில் இது இல்லை" என்று எழுதிவிட்டுப் போகலாம். கிளையில் கூண்டு கட்டினால்தான் விழும். இதன் நடமாட்டத்துக்குக் கிளையோடு கிளை தொடுவது முக்கியம். நடுவில் இரண்டு பெரிய மரம் போனால் வரைபடத்தில் ஒன்றும் மாறாது, எலிக்குப் பாதை அறுந்துவிடும்.

எங்கள் தோட்டத்துக்கு எலி ரிசர்வ் காட்டிலிருந்துதானே இறங்கி வருகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வன இலாகா மேல் கோபமாகவே கேட்பார்கள்.

யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். எலிக்கு, காட்டை ஒட்டிய முதல் சில வரிசைக்கு மட்டும் பொருந்தும். மேலே சொன்ன அளவுகளை வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 64 மீட்டர்தான். படுக்கும் இடத்திலிருந்து ஐம்பது, நூறு மீட்டர் சுற்றும் எலி, அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காட்டிலிருந்து ராத்திரி ராத்திரி வந்து காயைக் கடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிப் போகாது. உங்கள் தோட்டத்தின் நடுவில் காயைக் கடிக்கும் எலி, உங்கள் தோட்டத்தில்தான் குடியிருக்கிறது. அங்கேயே பிறந்ததாகவும் இருக்கலாம்.

எங்கே குடியிருக்கிறது? ஏலச்செடியின் தூரைச் சுற்றிக் குவிந்த காய்ந்த தட்டையில், வேலை செய்தபோது ஒதுக்கிய கல் குவியலில், நிழல் மரத்துப் பொந்தில், காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் அடுக்கிய விறகில். ஏலச்செடியில் காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோரமாகப் படர்கிறது. தங்குவதும் தின்பதும் ஒரே தூரில். நடக்கவே தேவையில்லை. காய் எடுப்புக் காலத்தில் பரப்பு சுருங்கி, ஒரே ஏக்கரில் அதிக எலி தாங்கும்.

அப்படியானால் கூண்டை எப்படி வைக்க வேண்டும்?

நெருக்கமாக. ஏக்கருக்கு ஒரு கூண்டு வைத்துவிட்டு "எலி விழவே இல்லை" என்பார்கள். அந்தக் கூண்டு பாதி எலிகளின் வழியிலேயே இருந்திருக்காது. பதினைந்து மீட்டருக்கு ஒன்று என்றால் ஏக்கருக்குப் பதினெட்டு வரும். அவ்வளவு கூண்டு இல்லையென்றால், இருப்பதை ஒரு ஏக்கரில் நெருக்கி வைத்துச் சில நாள் கழித்து அடுத்த ஏக்கருக்கு நகர்த்துங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும், அதனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி கதவைத் திறந்தே கட்டிவைத்து இரை மட்டும் போடுவது நல்லது. பழுத்த காயைத் தள்ளிப்போடாமல் எடுப்பதும், காய்ந்த தட்டையை அகற்றுவதும் கூண்டை விட மலிவு.

விஷம் வைத்தால் ஒரேயடியாகப் போய்விடாதா?

உள்ளே இருப்பவை செத்துப்போகும். காலியான இடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து இளசுகள் வந்துவிடும். குடிபெயர்வு என்று சொன்னேனே, அதுதான். அதனால் தனி ஆள் தனியாக வைப்பது வருஷா வருஷம் செலவு வைக்கும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து கூண்டு வைத்தால் பலன் நீடிக்கும். அப்புறம், விஷம் தின்று தடுமாறும் எலியை ஆந்தையும் மரநாயும் சாரைப்பாம்பும்தான் முதலில் பிடிக்கும். கூலி வாங்காமல் எலி பிடிப்பவர்களைக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பிடித்த எலியைச் செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுபோய் விட்டால் திரும்பி வருமா?

சில நூறு மீட்டருக்குள் விட்டால் திரும்பி வரக்கூடும், தெரிந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். கம்பம்மெட்டு தாண்டி விட்டால் உங்களிடம் வராது. ஆனால் அங்கே வளை தெரியாது, வழி தெரியாது, ஏற்கெனவே இருப்பவை துரத்தும். பெரும்பாலும் சீக்கிரம் எதற்காவது இரையாகிவிடும், பிழைத்தால் அந்த ஊர்க்காரர் தலைவலி.

ஒற்றை எலி என்ன செய்யும் என்பதற்கு நியூஸிலாந்தில் ஒரு கதை உண்டு. 2004-இல் எலியே இல்லாத ஒரு சிறு தீவில், ரேடியோ கட்டிய ஒரு ஆண் எலியை ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே விட்டார்கள். பதினெட்டு வாரம் பிடிபடவில்லை. நடுவில் 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்கே போய்விட்டது. துணையோ போட்டியோ இல்லாத இடத்தில் நடமாட்டப் பரப்பு என்ற கணக்கெல்லாம் உடைந்துபோகும்.

ரோடு, தேயிலைக் காடு எல்லாம் தடையா?

காட்டு எலிக்குத் தடைதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில், காட்டை வெட்டிப் போட்ட ரோட்டைச் சிறு விலங்குகள் கடக்கத் தயங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். ரோட்டுக்கு மேல் கிளைகள் கூடினால் நிலைமை மேல். கவாத்து செய்த தேயிலையில் மரம் குறைவு, மறைவும் குறைவு. ஏலக்காட்டில் நிழல் மரம் இருப்பதால் காட்டு எலி வாழும், கடந்தும் போகும். நீலகிரி மேல்மலையில் சோலைக்குள் ஒரு இன எலியும், ஒட்டியிருக்கும் புல்வெளியில் வேறு இன எலியுமாகப் பிரிந்து இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நாம் ஒரே எட்டில் தாண்டும் விளிம்பு அவற்றுக்கு ஊர் எல்லை.

எலி விதையைத் தூக்கிப்போவதால் காட்டுக்கு நல்லதா கெட்டதா?

தின்றுவிட்டால் கெட்டது, புதைத்துவிட்டு மறந்தால் நல்லது. பனாமா நாட்டில் அகூட்டி என்ற பெரிய கொறிவிலங்கு பனை விதைகளைப் புதைக்கும். விதையில் ரேடியோ கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஒரு விதையை மாறி மாறித் தோண்டி 36 முறை புதைத்திருக்கின்றன. மொத்தம் 749 மீட்டர் பயணம் செய்து, கிளம்பிய இடத்திலிருந்து 280 மீட்டரில் போய் நின்றது. ஒவ்வொன்றின் பரப்பும் சிறிது, ஆனால் ஒன்று புதைத்ததை இன்னொன்று திருடித் திருடி விதை எல்லை தாண்டிவிட்டது.

மூஞ்சூறும் எலிதானே?

இல்லை. கூண்டில் அடிக்கடி விழும், ஆனால் பூச்சி தின்னும் வேறு இனம்.

நோய் பரவுமா?

எலிக்காய்ச்சல் முக்கியமானது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் இருக்கும் புண் வழியாக உள்ளே போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் அது பெரிதாகப் பரவியதும், சுகாதாரத் துறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்ததும் நினைவிருக்கும். எலி தன் சிறு பரப்புக்குள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவதால், ஓடையோரமும் ஸ்டோரின் பின்பக்கமும்தான் கவனிக்க வேண்டிய இடங்கள். பூட்ஸ் போடுங்கள். மலைக்குப் போய்வந்து காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தோட்ட வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கல்லூரிப் பிராஜெக்டுக்குக் காட்டில் கூண்டு வைக்கலாமா?

சரணாலயத்திலும் ரிசர்விலும் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் முடியாது. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், பழந்தின்னி வௌவாலோடு எலியும் தொல்லை உயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எலிதானே என்று போகாதீர்கள். எல்லையின் இரண்டு பக்கமும் கூண்டு வைப்பதாக இருந்தால் இரண்டு மாநில வனத்துறையிலும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

பிடிக்காமலே, எங்கள் தோட்டத்து எலி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வழி உண்டா?

உண்டு. கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து, அதில் சமையல் சாயம் நன்றாகக் கலந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள். விஷம் எதுவும் சேர்க்கக் கூடாது. மழை இல்லாத மூன்று நாள் போதும். பிறகு அந்த இடத்தைச் சுற்றி ஐந்து ஐந்து மீட்டராக விலகிப் போய், தூரடியிலும் கல் இடுக்கிலும் எலிப்புழுக்கை தேடுங்கள். நிறம் ஏறிய புழுக்கை கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு குச்சி நடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குனிந்து முகர வேண்டாம். சாயம் வெளிறிப்போய்த் தெரியாவிட்டால் அளவைக் கூட்டி மறுபடி வையுங்கள். கடைசிக் குச்சி வரை நாடா பிடித்து அளந்தால், உங்கள் எலியின் நடை உங்களுக்கே தெரியும். காட்டோரமாக ஒரு இடத்திலும் தோட்டத்தின் நடுவில் ஒரு இடத்திலும் வேறு வேறு நிறத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது, எந்த நிறம் எங்கே கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.